காசை மண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: பண்டை இந்திய நாணயங்கள், ஓர் அறிமுகம்

இந்தியாவின் மிகப் பழைய காசுகளை அருங்காட்சியகத்தில் முதன்முதலாகப் பார்க்கிறவருக்கு அவை காசு மாதிரியே தோன்றாது. விரல்நகத்தைவிடச் சற்றுப் பெரிய மெல்லிய வெள்ளித் துண்டுகள். சில சதுரம், சில நீள்சதுரம், சிலவற்றுக்கு எந்த வடிவப் பெயரும் பொருந்தாது. மூலைகள் வெட்டுப்பட்டிருக்கும். மேலே சூரியன், மலை, காளை, சக்கரம் போன்ற சிறு குறிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடக்கும். அரசன் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆண்டு இல்லை. ஓர் எழுத்துகூடக் கிடையாது.

இப்படி வாய் திறக்காத துண்டுகளை வைத்துக்கொண்டுதான் மகதம் எப்படிப் பெருகியது, எந்த வழியில் வணிகம் நடந்தது, எந்த அரசன் யாரை வென்றான் என்றெல்லாம் சொல்கிறார்கள். அது எப்படி முடிகிறது? ஒரு பழங்காசிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். எடை எவ்வளவு, என்ன உலோகம், என்ன முத்திரை, எங்கே எதனோடு கிடைத்தது. முதல் மூன்றுக்கும் காசே பதில் சொல்லும். நூறு ஆண்டு கழித்துக் கேட்டாலும் சொல்லும். நான்காவதற்கான பதில் காசில் இல்லை, அது கிடந்த மண்ணில் இருக்கிறது. அந்த மண் ஒருமுறை கலைந்தால் பதிலும் போய்விடும்.

காசு வருவதற்கு முன்

சிந்துவெளி மக்களிடம் காசு இல்லை. அங்கே கிடைத்த முத்திரைகளைச் சிலர் காசு என்று நினைத்துவிடுகிறார்கள். அவை களிமண்ணில் பதிப்பதற்கான முத்திரைகள், செலாவணி அல்ல. ஆனால் நுட்பமான எடைக்கற்கள் அவர்களிடம் இருந்தன. சுமார் 0.86 கிராமில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போகும் வரிசை; அதில் 16 மடங்கான ஏறத்தாழ 13.7 கிராம் கல்தான் அதிகம் கிடைக்கிறது. உலோகத்தை நிறுத்துக் கொடுத்து வாங்கும் பழக்கம் காசுக்கு மிகவும் முந்தியது என்பதை இது காட்டுகிறது. காசு என்பது, நிறுக்கும் வேலையை ஒருவர் முன்கூட்டியே செய்து, ‘இது சரியான எடை, சரியான உலோகம்’ என்று முத்திரை குத்திக் கொடுத்த உலோகத் துண்டு. அவ்வளவுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

சொற்களிலும் ஒரு சிக்கல் உண்டு. வேதப் பாடல்களில் வரும் ‘நிஷ்கம்’ கழுத்தணியைக் குறிக்கிறது; பிற்காலத்தில்தான் அது காசின் பெயரானது. சங்கப் பாடல்களில் வரும் ‘காசு’ பல இடங்களில் நூலில் கோத்து அணியும் பொன்மணி. பழைய நூலில் ஒரு சொல்லைக் கண்டவுடன் அக்காலத்தில் நாணயம் இருந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

முத்திரைக் காசு: செய்த விதம்

கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளில் வட இந்தியாவில் வெள்ளி முத்திரைக் காசுகள் புழக்கத்துக்கு வருகின்றன. சரியான தொடக்கம் பற்றி அறிஞர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. செய்முறையைக் காசுகளே காட்டிக்கொடுக்கின்றன. வெள்ளியை உருக்கி அடித்துத் தகடாக்குவார்கள். தகட்டை நீளப் பட்டைகளாகவும், பட்டையைத் துண்டுகளாகவும் வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டையும் நிறுப்பார்கள். எடை கூடினால் ஒரு மூலையைக் கத்தரிப்பார்கள். இன்னும் கூடினால் இன்னொரு மூலை. மூலை மழுங்கிய வடிவம் இப்படி வந்ததே தவிர, அழகுக்காக அல்ல. எடை குறைந்துபோனால் ஒட்ட முடியாது. ஆகவே சற்றுக் கூடுதலாக வெட்டிக் குறைப்பதே வழி. உருக்கிய வெள்ளியைச் சொட்டாக விட்டுத் தட்டையாக்கும் முறையும் இருந்தது. வட்டமான துண்டுகள் பல அப்படி வந்தவை.

பிறகு தனித்தனி முத்திரை ஆணிகளை வைத்துச் சுத்தியலால் குத்துவார்கள். ஒரு ஆணியில் ஒரு குறி. மகதப் பேரரசின் காசுகளில் முன்பக்கம் ஐந்து குறிகள் இருக்கும். அவற்றில் முதல் இரண்டு பெரும்பாலும் மாறுவதில்லை: சூரியன், ஆறு கரம் கொண்ட சக்கரம். மற்ற மூன்றும் மாறி மாறி நூற்றுக்கணக்கான சேர்க்கைகளைத் தருகின்றன. ஆணியின் முகம் காசின் விளிம்புக்கு வெளியே பாதி போய்விடுவதும், பின்னால் குத்திய குறி முன்னதை நசுக்கிவிடுவதும் வழக்கம். அதனால் ஒரே காசை வைத்து ஐந்து குறிகளையும் அடையாளம் காண்பது அபூர்வம். ஒரே வகையைச் சேர்ந்த பத்துப் பதினைந்து காசுகளை ஒப்பிட்டுத்தான் முழுச் சேர்க்கையை வரைந்தெடுக்க முடியும். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்: அரைகுறையாகத் தெரியும் குறியை மனத்தால் நிறைவுசெய்து, இல்லாத ஒரு புதிய வகையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இவற்றுக்கு முன்னும் பக்கத்திலும் வட்டார வகைகள் இருந்தன. தட்சசீலம் சார்ந்த காந்தாரத்தில் சற்றே வளைந்த வெள்ளிப் பட்டை, இரு முனையிலும் ஒவ்வொரு குறி, எடை 11 கிராம் அளவில். கோசலம், சூரசேனம், அவந்தி ஒவ்வொன்றுக்கும் தனி எடை, தனிக் குறி. மகதம் விரிய விரிய இந்த வட்டாரக் காசுகள் அருகிப்போய் ஐந்து குறிக் காசு எங்கும் பரவுகிறது. வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் ஒரு பேரரசு வளர்வது கண்ணுக்குத் தெரியும்.

இக்காசுகள் எழுத்தில்லாதவை என்றாலும் அவற்றைப் பற்றிய சாட்சிகள் வெளியே உண்டு. உருவம் அடிக்கப்பட்டதை ‘ரூப்யம்’ என்பார்கள் என்று பாணினியின் இலக்கணம் சொல்கிறது. இன்றைய ‘ரூபாய்’ அந்தச் சொல்லின் வழிவந்தது. பார்குத் பௌத்தத் தூபியைச் சேர்ந்த தூணின் புடைப்புச் சிற்பம் ஒன்றில், வணிகர் அனாதபிண்டிகர் புத்தருக்காக ஜேதவனம் என்ற தோப்பை விலைக்கு வாங்கும் காட்சி உள்ளது. மாட்டுவண்டியிலிருந்து இறக்கிய காசுகளை ஆட்கள் தரையில் பரப்புகிறார்கள், அந்தக் காசுகள் சதுரமாக இருக்கின்றன. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சிற்பத்தை நேரில் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். பிறை தாங்கிய மூன்று முகட்டு மலைக் குறி, கோரக்பூர் அருகே கிடைத்த சோகௌரா செப்பேட்டிலும் பாட்னாவின் கும்ரகார் தூணிலும் இருக்கிறது. அந்தக் குறி கொண்ட காசுகளை மௌரியர் காலத்தோடு சேர்ப்பதற்கு இது வலுவான காரணம்.

குன்றிமணியும் தராசும்

எடைக்கு அடிப்படை குன்றிமணி. ஒரு குன்றி சுமார் 0.11 கிராம். 32 குன்றி சேர்ந்தது கார்ஷாபணம் என்ற வெள்ளி முத்திரைக் காசு ஒன்றின் எடை, அதாவது 3.5 கிராமை ஒட்டி. குன்றிமணிக் கணக்கு தமிழகத்துப் பொற்கொல்லர்களுக்கும் புதிதல்ல. சோழர் கல்வெட்டுகளில் 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு.

கையில் கிடைக்கும் காசு சரியாக 3.5 கிராம் இருக்காது. புழங்கப் புழங்கத் தேயும். இதையே ஒரு கருவியாக மாற்றியவர் கணித அறிஞர் டி. டி. கோசாம்பி. 1940களில் அவர் ஆயிரக்கணக்கான முத்திரைக் காசுகளை ஒவ்வொன்றாக நிறுத்தார். பின்பக்கத்தில் சிறுசிறு குறிகள் பல காசுகளில் உண்டு. சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் பத்துக்கும் மேல். பின்குறிகளின் எண்ணிக்கை கூடக்கூடச் சராசரி எடை சீராகக் குறைவதை அவர் காட்டினார். அப்படியென்றால் அந்தக் குறிகள் காசு பிறந்தபோது குத்தியவை அல்ல, புழக்கத்தில் இருந்தபோது இடைவெளி விட்டுக் குத்தியவை. காசைச் சோதித்தவர்கள் ‘பார்த்தாயிற்று, செல்லும்’ என்று இட்ட அடையாளம். ஒரு தராசையும் பொறுமையையும் மட்டும் வைத்துக்கொண்டு எட்டிய முடிவு இது. பண்டை இந்திய வரலாற்று ஆய்வில் இதைவிட நேர்த்தியான வாதத்தைக் காண்பது கடினம்.

காசு சோதிப்பது தனித் தொழிலாகவே இருந்தது. அர்த்தசாஸ்திரம் அக்கசாலை (காசு அடிக்கும் சாலை) அதிகாரியையும் காசு பரிசோதகரையும் வேறு வேறு பதவிகளாகச் சொல்கிறது. வெள்ளிக் காசின் 16 பங்கில் 4 பங்கு செம்பு, 1 பங்கு இரும்பு, தகரம், ஈயம், அஞ்சனம் இவற்றில் ஏதாவது ஒன்று, மீதி 11 பங்கு வெள்ளி என்று கலவையையும் கொடுக்கிறது. தூய வெள்ளி மெத்தென்று இருக்கும்; விரைவில் தேயும். கலப்பு அதற்குக் கடினம் தருகிறது. ஆகவே ஒரு காசில் செம்பு இருப்பதைக் கண்டவுடன் ‘கலப்படம், பொருளாதாரச் சரிவு’ என்று எழுதிவிடக் கூடாது. கலப்பு காலப்போக்கில் கூடிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும். தமிழில் இந்தச் சோதகருக்கு ‘வண்ணக்கன்’ என்று பெயர். சங்கப் புலவர் சிலருடைய பெயரிலேயே அந்தத் தொழிற்பெயர் ஒட்டியிருக்கிறது.

ஒரு பானைக் காசு சொல்வது

எழுத்தில்லாத காசுக்கு எப்படிக் காலம் குறிப்பது? 1924இல் தட்சசீலத்தின் பீர் மேட்டில் ஜான் மார்ஷல் நடத்திய அகழாய்வில் ஒரு புதையல் கிடைத்தது. 1,100க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். வளைபட்டைகளும் முத்திரைக் காசுகளும் மிகச் சிறிய துணைக் காசுகளும். அவற்றோடு அலெக்சாந்தரின் காசுகள் இரண்டும், அவருக்குப் பின் வந்த பிலிப் அரிதையஸின் காசு ஒன்றும் இருந்தன. இந்தக் கிரேக்கக் காசுகள் தேயாமல் புதிதாக இருந்தன. பிலிப் அரிதையஸ் இறந்தது கி.மு. 317. புதிய காசு நெடுநாள் புழங்கியிருக்காது. எனவே பானை புதைந்தது அதை ஒட்டிய காலத்தில். அப்பானையில் தேய்ந்து கிடந்த முத்திரைக் காசுகள் அதற்கும் வெகு முன்பே அடிக்கப்பட்டவை. தேதி தெரிந்த மூன்று காசுகள், தேதி தெரியாத ஆயிரம் காசுகளுக்குக் காலம் கொடுத்துவிட்டன.

இந்த வாதம் நிற்பது ஒரே காலில்: அந்தக் காசுகள் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன என்ற பதிவு. அந்த மூன்றை மட்டும் யாராவது பொறுக்கி விற்றிருந்தால் மீதி ஆயிரமும் ஊமையாகியிருக்கும்.

புதையலும் குடியிருப்பு மண்ணடுக்கில் கிடைக்கும் தனிக்காசும் ஒன்றல்ல. புதையல் வேண்டுமென்றே சேர்த்தது. நல்ல எடையுள்ள காசுகளாகத் தேர்ந்தெடுத்து வைப்பார்கள். அன்றாடப் புழக்கத்தை அது காட்டாது. வீதியிலும் வீட்டுத் தரையிலும் கிடைப்பவை கைதவறி விழுந்தவை. பெரும்பாலும் செம்பு, ஈயம், சிறு மதிப்பு. சாதாரண மக்கள் எதைக் கொண்டு உப்பும் எண்ணெயும் வாங்கினார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் இவற்றைத்தான் எண்ண வேண்டும்.

மண்ணடுக்கில் கிடைத்த காசு அந்த அடுக்கின் காலத்துக்கு ஒரு பக்க எல்லையை மட்டுமே தரும். கி.பி. 30இல் அடித்த காசு ஓர் அடுக்கில் இருந்தால் அந்த அடுக்கு கி.பி. 30க்கு முன் உருவாகியிருக்க முடியாது. எவ்வளவு காலம் பின்னால் என்பதைக் காசு சொல்லாது. முத்திரைக் காசுகள் நூற்றாண்டுக் கணக்கில் புழங்கியவை. கொங்கு நாட்டில் ரோமானியக் காசுகளோடு சேர்ந்தே கிடைத்திருக்கின்றன. எலி வளை, பிற்காலக் குப்பைக்குழி, மரவேர் ஆகியவை மேலடுக்குக் காசைக் கீழே இறக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதனால்தான் அகழாய்வில் காசின் ஆழத்தை மட்டும் குறித்தால் போதாது. அது குழிக்குள் கிடந்ததா, தரைக்கு மேலா கீழா என்பதையும் வரைந்து வைக்க வேண்டும்.

வார்ப்பும் அச்சும்

குத்துவது தவிர வேறு இரண்டு முறைகள் உண்டு. வார்ப்பு முறையைத் துல்லியமாக அறிய உதவியவர், புதைபடிவத் தாவர ஆய்வால் பெயர்பெற்ற பீர்பல் சாஹ்னி. 1936இல் ரோத்தக்கின் கோக்ரா கோட் மேட்டில் அவர் ஆயிரக்கணக்கான உடைந்த களிமண் அச்சுகளைக் கண்டார். யௌதேயர் என்ற குடிக்குழுவின் அக்கசாலைக் கழிவு அது. ஒரு களிமண் தட்டில் நடுவே ஒரு துளை, சுற்றிலும் காசுக் குழிகள், துளையிலிருந்து ஒவ்வொரு குழிக்கும் ஒரு வாய்க்கால். இப்படிப் பல தட்டுகளை அடுக்கி, வெளியே மண் பூசி, மேலிருந்து உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்துக் காசுகளை முறித்தெடுப்பார்கள். வார்ப்புக் காசின் விளிம்பில் சிறு முளை நீட்டிக்கொண்டிருப்பதும், சில வேளை இரண்டு காசுகள் ஒட்டியே கிடைப்பதும் இதனால்தான்.

அச்சடிப்பில் கீழச்சு பட்டடையில் பொருந்தியிருக்கும். சூடாக்கிய உலோக வில்லையை அதன்மேல் வைத்து, மேலச்சைப் பிடித்துச் சுத்தியலால் அடிப்பார்கள். வில்லை நகர்ந்தால் படம் ஓரத்துக்குப் போய்விடும். அடி துள்ளினால் இரட்டைப் பதிவு. முந்தைய காசு மேலச்சில் ஒட்டிக்கொண்டால் அடுத்த காசின் ஒரு பக்கத்தில் படம் குழிவாக, இடவலம் மாறி விழும். இந்தப் பிழைகள் ஆய்வாளருக்கு வரம்: எந்த அச்சு எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக வேலை நடந்தது என்பதெல்லாம் இவற்றில் தெரியும்.

பெயர்கள் வருகின்றன

வடமேற்கில் ஆண்ட இந்தோ-கிரேக்கர்கள் காசில் தலையும் பெயரும் பொறித்தார்கள். ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் பெரும்பாலும் கரோஷ்டி என்ற வடமேற்கு வட்டார எழுத்து. இரு எழுத்தில் ஒரே பெயர் என்பது பூட்டும் சாவியும் சேர்ந்து கிடைத்ததுபோல. அகதோக்கிளிஸ் காசில் கிரேக்கத்தோடு பிராமி எழுத்து இருந்தது; 1836இல் கிறிஸ்டியன் லாசன் அதைக் கொண்டு சில எழுத்துகளைப் படித்தார், 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமியை முழுமையாகப் படித்தார். அசோகர் கல்வெட்டுகளைப் படிக்க முடிந்த கதையில் காசுக்கும் பங்குண்டு. இலக்கியத்தில் இந்த அரசர்களில் சிலர் மட்டுமே வருகிறார்கள். காசுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.

மேற்கு இந்தியாவை ஆண்ட சக மரபினரான மேற்கு க்ஷத்ரபர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்களுடைய சிறிய வெள்ளிக் காசில் அரசன் பெயரோடு தந்தை பெயரும், தலைக்குப் பின்னால் சக ஆண்டும் உண்டு. எண் 100 என்று படித்தால் 78ஐக் கூட்டி கி.பி. 178. பண்டை இந்தியாவில் ஆண்டோடு கூடிய காசு மிக அரிது. இந்த ஒரு வம்சத்துக்கு மட்டும் அரசர் பட்டியலைக் காசுகளை அடுக்கியே எழுதிவிடலாம்.

1906இல் நாசிக் அருகே ஜோகல்தெம்பி ஊரில் 13,000க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. எல்லாம் க்ஷஹராத அரசன் நகபானனுடையவை. அவற்றில் 9,000க்கும் மேற்பட்டவற்றின்மேல் தக்காணத்தை ஆண்ட சாதவாகன அரசன் கௌதமிபுத்திர சாதகர்ணியின் முத்திரை மறுபடி அடிக்கப்பட்டிருந்தது. புது முத்திரைக்கு அடியில் நகபானனின் முகமும் எழுத்தும் இன்னும் தெரிகின்றன. கௌதமிபுத்திரன் க்ஷஹராதரை வேரறுத்தான் என்று நாசிக் குகைக் கல்வெட்டு சொல்கிறது. கல்வெட்டு புகழ்ச்சியாக இருக்கலாம் என்று ஐயப்பட்டவர்களுக்கு இந்தக் காசுகள் பதில் சொல்லிவிட்டன. ஒன்றன்மேல் ஒன்று அடித்த காசில் கீழே இருப்பது முந்தியது. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

சாதவாகனரின் வெள்ளிக் காசு தமிழருக்குத் தனி ஆர்வம் தருவது. ஒரு பக்கம் பிராகிருதத்தில் அரசன் பெயர். மறுபக்கம் அதே பெயர் ‘மகன்’, ‘திரு’ போன்ற சொற்களோடும் ‘கு’ என்ற உருபோடும் வருகிறது. இதைத் தமிழ் என்றே படித்தவர் இரா. நாகசாமி, தமிழுக்கு நெருங்கிய வேறொரு திராவிட வழக்கு என்பாரும் உண்டு. எப்படியானாலும், தக்காணத்தில் காசு வாங்குகிறவர்களில் ஒரு பகுதியினர் அந்த மொழியைப் படிப்பார்கள் என்று அக்கசாலை எதிர்பார்த்திருக்கிறது.

பொற்காசுகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டதால் இங்கே வேகமாகக் கடந்துவிடலாம். குஷாண அரசன் விம கட்பிசஸ் ஏறத்தாழ 8 கிராம் எடையில் பொற்காசைப் பரவலாக வெளியிட்டார். கனிஷ்கர் காசில் கிரேக்க எழுத்தில் ‘போத்தோ’ (Boddo) என்ற பெயரோடு புத்தர் நிற்கிறார். குப்தர் காலத்தில் சமுத்திரகுப்தன் வீணை வாசிக்கும் காசும், அசுவமேதக் குதிரைக் காசும் கலையழகில் உச்சம். 1946இல் ராஜஸ்தானில் பயானா அருகே செம்புப் பானையில் கிடைத்த புதையலிலிருந்து 1,821 குப்தப் பொற்காசுகள் மீட்கப்பட்டன. பிற்காலக் குப்தக் காசுகளில் எடை கூடுகிறது, மாற்றோ (பொன்னின் தூய்மை) குறைகிறது. தராசை மட்டும் நம்புகிறவர் இங்கே ஏமாறுவார்.

தமிழகம்: பொன்னோடு வந்த கப்பல்

யவனர் கலம் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்ற அகநானூற்றுச் செய்தியை எல்லோரும் அறிவோம். கறி என்றால் மிளகு. அந்தப் பொன் காசாகவே மண்ணில் இருக்கிறது. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானியப் பண அலகு) இந்தியாவுக்குப் போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி வருந்தியதும் இதைப் பற்றித்தான்.

காசுகள் கிடைத்த இடங்களைக் கவனியுங்கள். துறைமுகத்தைவிட உள்நாட்டில், அதிலும் கோவை வட்டாரத்தில்தான் வெள்ளிப் புதையல்கள் செறிந்திருக்கின்றன. வெள்ளலூரில் மட்டும் 1842இல் 500க்கும் மேல், பிறகும் சில தடவை. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் நோக்கி வரும் பெருவழி இது. கொடுமணலின் மணித் தொழிலும், படியூரின் பச்சைக்கல்லும் இதே பாதையை ஒட்டியவை.

எந்தக் காசு வந்தது என்பதும் தற்செயல் அல்ல. அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இருவரின் வெள்ளிக் காசுகள், அவற்றிலும் குறிப்பிட்ட ஓரிரு வகைகள், பெரும்பான்மை. கி.பி. 64இல் நீரோ வெள்ளிக் காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தார். அதற்குப் பின் அடித்த வெள்ளிக் காசுகள் தமிழகப் புதையல்களில் மிகக் குறைவு. இங்கிருந்த வண்ணக்கர்கள் வித்தியாசத்தை அறிந்திருந்தார்கள் என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டு இருக்கிறது. தூய்மையைச் சோதிக்க வெட்டினார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. சோதனைக்கு விளிம்பில் எங்கே கீறினாலும் போதும், எல்லாக் காசிலும் முகத்தையே தேடி வெட்ட வேண்டியதில்லை. இனி இது ரோமானியக் காசாகச் செல்லாது, வெறும் பொன்னாகவே செல்லும் என்று அறிவிக்கும் வெட்டு என்பது அதைவிடப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

சங்க காலத் தமிழரசர்கள் காசு வெளியிடவில்லை என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட ஆய்வுகள் அதை மாற்றின. சதுரச் செம்புக் காசு. ஒரு பக்கம் குதிரை, தொட்டியில் ஆமைகள், மேலே தமிழ்ப் பிராமியில் ‘பெருவழுதி’. மறுபக்கம் கோடுகளால் ஆன மீன். பாண்டியன் பெயரைப் பாண்டியன் காசிலேயே படிக்க முடிந்தது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ வெள்ளிக் காசுகளில் ரோமானிய பாணியில் ஒரு தலை இருக்கிறது. ‘கொல்லிரும்பொறை’ என்ற பெயரும் கரூர்க் காசில் வருகிறது. பக்கத்துப் புகழூர்க் கல்வெட்டிலும் இரும்பொறை, சங்கப் பாடல்களிலும் இரும்பொறை. பாட்டு, கல், காசு மூன்றும் ஒரே வட்டாரத்தில் ஒரே குடிப்பெயரைச் சொல்லும்போது அந்தச் சான்றின் வலிமையே வேறு. திருக்கோவலூர் மலையமான்களின் காசில் குதிரையும், பின்பக்கம் மலையும் வளைந்தோடும் ஆறும் உண்டு; ஊரின் நில வரைபடத்தையே காசில் வைத்ததுபோல.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஆற்றுப் படுகையில் கிடைத்த காசுக்கு மண்ணடுக்கு கிடையாது. கரையரிப்பில் வந்து மணலில் கலந்தவை அவை. எழுத்தின் வடிவத்தையும் பாணியையும் கொண்டே காலம் குறிக்க வேண்டியிருக்கிறது, அதில் ஒரு நூற்றாண்டு முன்பின் ஆகலாம்.

அளவீட்டில் வரும் தவறுகள்

பொற்காசின் மாற்றைக் காசைக் கெடுக்காமல் அறிய நீரில் நிறுக்கும் முறை நல்லது. தூய பொன்னின் ஒப்படர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற எண்) 19.3, வெள்ளி 10.5. 8 கிராம் தூய பொற்காசு நீரில் சுமார் 0.41 கிராம் குறையும்; எடையில் பாதி பொன் பாதி வெள்ளி என்றால் சுமார் 0.59 கிராம் குறையும். எனவே 0.01 கிராம் வரை காட்டும் தராசு தேவை. காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும். செம்பும் கலந்திருந்தால் இந்த எளிய கணக்கு பொருந்தாது.

எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும். வெள்ளிக் காசில் மேலே இருந்த செம்பு மண்ணில் கரைந்துபோயிருக்கும். ஆகவே உண்மையைவிடக் கூடுதல் வெள்ளியைக் கருவி காட்டும். கட்டுரைகளில் 98 சதவீத வெள்ளி என்று படித்தால், எந்த இடத்தில் அளந்தார்கள் என்று தேடுங்கள்.

போலிகளும் ஏராளம். அச்சடித்த வகையாக இருக்க வேண்டிய காசின் விளிம்பில் பொருத்துக் கோடோ, பரப்பில் ஊசிமுனைக் குழிகளோ தெரிந்தால் அது நவீன வார்ப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். கையால் குத்திய இரண்டு முத்திரைக் காசுகள் கீறல்வரை ஒன்றுபோல இருக்கவே முடியாது. இருந்தால் இரண்டில் ஒன்றாவது போலி.

கையில் ஒன்று கிடைத்தால்

உழும்போதோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ காசு தென்பட்டால் முதலில் தோண்டுவதை நிறுத்துங்கள். கிடந்தபடியே படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலோ தீப்பெட்டியோ வையுங்கள். தரைமட்டத்திலிருந்து எவ்வளவு ஆழம், சுற்றி ஓடு, கரி, எலும்பு உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். பானையில் இருந்தால் பானையைக் கவிழ்க்காதீர்கள். அடியில் இருப்பது முதலில் போட்டது, அந்த வரிசையும் ஒரு தகவல்தான்.

கழுவ வேண்டாம். புளி, எலுமிச்சை, திருநீறு, அமிலம் எதுவும் வேண்டாம். செம்புக் காசின் பச்சைப் படலத்துக்குள்தான் பல நேரம் எழுத்து தங்கியிருக்கும். தேய்த்தால் படலத்தோடு எழுத்தும் உதிர்ந்துவிடும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்துகொண்டே இருந்தால் அது பரவும் அரிப்பு. உலர்வான இடத்தில் தனியாக வைத்து, வேதிப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் விடவேண்டும். ஈயக் காசு மரப்பெட்டியின் ஆவியிலேயே வெள்ளையாகப் பூத்துச் சிதையும். அமிலமில்லாத காகித உறை போதும். ஒவ்வொரு காசுக்கும் தனி உறை, உறையின் மேல் இடமும் ஆழமும் தேதியும்.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, எங்கே, எந்த நாளில் கிடைத்தது. மறைத்தால் தண்டனை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ முதலில் சொல்லிவிட்டு ஆட்சியருக்கு எழுதலாம். எழுதும்போது படங்களையும் உறைமேல் குறித்த ஆழங்களையும் சேர்த்தே கொடுங்கள். காசைப் படிக்கப் போகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.